லெக் எக்ஸ்டென்ஷனும் கடைசி 45 டிகிரியும்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் எந்த ஜிம்முக்குள் நுழைந்தாலும் இரண்டு குரல் கேட்கும். ஒன்று, "லெக் எக்ஸ்டென்ஷன் பண்ணாதே, முட்டி போயிரும்." இன்னொன்று, "கடைசி செட்டு, ஃபுல் வெயிட் போடு." இரண்டுமே தப்பு. ஆனால் முதல் குரலைக் கேட்டவருக்கு ஒரு நல்ல பயிற்சி போகும், அவ்வளவுதான். இரண்டாவதைக் கேட்டவருக்கு மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது.

லெக் எக்ஸ்டென்ஷன் என்பது மெஷினில் உட்கார்ந்து, முன்னங்காலில் படும் பேடை எடையோடு தள்ளிக் காலை நீட்டும் பயிற்சி. அந்த மெஷின் பாதுகாப்பானதா என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் கிடையாது. எந்தக் கோணத்தில், எவ்வளவு எடையோடு, என்ன வேகத்தில், யாருடைய முட்டியில் என்று நாலையும் சொன்னால்தான் பதில் வரும். இதில் எடையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கோணத்தைப் பற்றி மாஸ்டரே பேசமாட்டார். ஆகவே அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதலில் கணக்கு. காலை நேராக நீட்டினால் 0 டிகிரி. நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் ஊன்றினால் முட்டி 90 டிகிரி. தரையில் குந்தினால் 130-ஐத் தாண்டிவிடும். கீழே வரும் எண்களெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

தொடையின் முன்பக்கத்தில் நாலு தசைகள் சேர்ந்து ஒரு கயிறாகி, முட்டிச் சில்லைப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே கீழ்க்கால் எலும்பில் போய்க் கட்டிக்கொள்கின்றன. பழைய வீட்டு இரண்டாங்கட்டுக் கிணற்றில் உருளையின் மேல் கயிறு ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சில்லுதான் அந்த உருளை. கயிறு எவ்வளவு கூர்மையாக மடிகிறதோ அவ்வளவு அழுத்தம் உருளை மேல் விழும். முட்டியிலும் மடிப்பு ஆழமாக ஆக, அதே இழுப்புக்குச் சில்லின் மேல் விழும் அழுத்தம் கூடும்.

ஆனால் கிணற்று உருளைக்கு இல்லாத ஒரு வசதி முட்டிக்கு உண்டு. மடியும்போது சில்லின் பின்புறம் தொடையெலும்பின் பள்ளத்தில் அகலமாகப் பதிகிறது. பாரம் பரவலாக இறங்குகிறது. காலை நீட்ட நீட்ட அந்தத் தொடுபரப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. கடைசியில் சில்லின் கீழ்விளிம்பு மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். குருத்தெலும்புக்குப் பொருட்டு மொத்தப் பாரம் அல்ல. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதே.

இதை வைத்து ஸ்குவாட்டையும் (நின்றபடி குந்தி எழும் பயிற்சி) லெக் எக்ஸ்டென்ஷனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்குவாட்டில் நிமிர்ந்து நிற்கும்போது முன்தொடைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. இறங்க இறங்க வேலை ஏறும், சில்லின் அழுத்தமும் ஏறும். லெக் எக்ஸ்டென்ஷனில் இது தலைகீழ். கால் நீளும்போதும் மெஷின் விடாமல் எடையைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, தொடுபரப்போ சுருங்குகிறது. ஆகவே 90-லிருந்து 45 வரைக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் சில்லுக்கு இதம்; 45-லிருந்து 0 வரைக்கும் ஸ்குவாட் இதம். ஏறத்தாழ 45-லிருந்து 50 டிகிரிக்குள் இரண்டும் ஒன்றையொன்று கடக்கின்றன.

"ஸ்குவாட் நல்லது, லெக் எக்ஸ்டென்ஷன் கெட்டது" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கில் பாதியை மட்டும் பார்த்தவர்கள். சில்லு வலி இருக்கிறவருக்கு ஸ்குவாட்டையோ லெக் பிரஸ்ஸையோ (பாதத்தால் பளுவைத் தள்ளும் மெஷின்) 45 டிகிரிக்கு மேல் இறங்காமல் கொடுத்து, லெக் எக்ஸ்டென்ஷனை 90-லிருந்து 45 வரை மட்டும் கொடுத்தால், முன்தொடைக்கு முழு வீச்சிலும் வேலை கிடைத்துவிடும். சில்லுக்குக் கடுமையான பகுதி இரண்டிலுமே வராது. வலி இல்லாத, நல்ல முட்டி இருக்கிறவர் இவ்வளவு பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. அளவான எடையில் முழு வீச்சும் செய்யலாம். குருத்தெலும்பு பாரத்தைக் கண்டு ஓடுகிற பொருள் அல்ல. படிப்படியாக ஏற்றினால் பழகிக்கொள்ளும்.

"சரி, ஸ்குவாட் இருக்கும்போது இது எதுக்கு?" என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். முன்தொடையின் நாலு தசைகளில் ரெக்டஸ் ஃபெமோரிஸ் என்பது இடுப்பிலிருந்து புறப்படுகிறது. ஸ்குவாட்டில் இடுப்பும் முட்டியும் சேர்ந்து மடிந்து சேர்ந்து நிமிர்வதால் அதன் நீளம் அதிகம் மாறாது, வேலையும் குறைவு. அதை வளர்க்க முட்டியைத் தனியாக நீட்டும் பயிற்சி தேவை. இரண்டாவது காரணம் இதைவிடப் பெரிது. முட்டியில் அடிபட்டாலோ நீர் கோத்தாலோ முன்தொடைத் தசையை உடம்பே அடக்கிவைக்கும். அந்த நிலையில் ஸ்குவாட் செய்தால், பாரத்தை இடுப்பும் பிட்டமும் அடுத்த காலும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். கண்ணாடியில் பார்த்தால் அழகான ஸ்குவாட்தான். ஆனால் தொடை இளைத்தபடியே இருக்கும். இந்த மெஷினில் அப்படி ஏமாற்ற வழியில்லை. ஒற்றைக் காலில் செய்து பார்த்தால் எந்தக் கால் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி மெஷினை அமைக்கும் விதம். தப்பில் பெரும்பகுதி உட்காரும்போதே நடந்துவிடுகிறது.

நெம்புகோல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ அந்த அச்சு பக்கவாட்டில் தெரியும். சில மெஷின்களில் சிவப்புப் புள்ளி வைத்திருப்பார்கள். முட்டியின் வெளிப்பக்கத்தில் விரலால் தடவினால் ஓர் எலும்புப் புடைப்பு தட்டும். அந்தப் புடைப்பும் இந்த அச்சும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். முதுகுச் சாய்வை முன்னே பின்னே நகர்த்தினால் இது அமையும். குட்டையானவர்களுக்குச் சாய்வு எட்டாது. அப்போது முதுகுக்குப் பின்னால் தலையணையோ மடித்த துண்டோ வைத்துக்கொள்ளுங்கள். எட்டவில்லையே என்று முன்னால் சறுக்கி நுனியில் உட்காராதீர்கள். சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு சோதனை: எடை இல்லாமல் நாலு முறை காலை நீட்டி மடக்குங்கள். முன்னங்காலில் படும் பேட் அதே இடத்தில் நின்றால் சரி. மேலும் கீழுமாக இரண்டு விரற்கடை சறுக்கினால் அச்சு ஒட்டவில்லை என்று அர்த்தம். அப்படியே எடை போட்டால் முட்டி ஒரு வட்டத்திலும் மெஷின் வேறொரு வட்டத்திலும் சுற்றும். இடையில் மாட்டிக்கொள்வது மூட்டு.

பேட் கணுக்காலுக்குச் சற்று மேலே இருக்கட்டும். பாதத்தின் மேல் உட்கார்ந்தால் கணுக்கால் திருகும். ஏ.சி.எல் தசைநாரில் (முட்டிக்குள் தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டும் நார்) பழைய காயம் உள்ளவர்களுக்குப் பேடை இன்னும் மேலே, முன்னங்காலின் நடுவுக்கு ஏற்றலாம். கீழ்க்கால் எலும்பு முன்னோக்கிச் சறுக்கும் விசை அதில் குறையும். தொடை முழுவதும் சீட்டில் படிந்திருக்க வேண்டும். முட்டியின் பின்மடிப்பு சீட் விளிம்பை லேசாகத் தொட்டால் போதும், அமுங்கக் கூடாது.

தொடங்கும் கோணத்தை முடிவு செய்யும் ரேஞ்ச் பின் ஒன்று நெம்புகோலின் ஓரத்தில் இருக்கும். ஓட்டைகள் வரிசையாக இருக்கும், அதில் செருகுவது. பல ஜிம்களில் வாங்கிய நாளில் இருந்த ஓட்டையிலேயே துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும். சொட்டு எண்ணெய் விட்டு அசைத்தால் வந்துவிடும். 90-ல் தொடங்கும்படி வையுங்கள். கால் சீட்டுக்கு அடியில் போய் 110, 120 டிகிரியில் தொடங்கும்படி விட்டால், பளுவோடு கிளம்பும் அந்த முதல் நொடி சில்லையும் அதன் கீழ்த் தசைநாரையும் வீணாகப் படுத்தும். நீட்டும் பக்கம் தடுக்க எல்லா மெஷினிலும் பின் இருக்காது. அங்கே உத்தேசமாக, கால் பாதி நீண்டதும் நிறுத்தப் பழக வேண்டும். பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்து, 45 வந்ததும் உள்ளங்கையை நீட்டச் சொல்லி, பாதம் அதைத் தொட்டதும் திரும்பலாம். இரண்டு நாளில் உடம்பு கற்றுக்கொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேலே சொன்னதெல்லாம் எடை அடுக்கு, கேபிள், அது சுற்றும் சாய்வட்டச் சக்கரம் (கேம்) எல்லாம் உள்ள மெஷினுக்கு. சின்ன ஜிம்களில் பெஞ்ச் பிரஸ் பலகையின் நுனியில் ஓர் இரும்புக் கையைப் பூட்டி, அதில் ஸ்பாஞ்ச் உருளை மாட்டி, நேராகத் தட்டை மாட்டும் அமைப்பு இருக்கும். அது வேறு ஜாதி. தொங்கும் கையில் தட்டு இருக்கும்போது முட்டிக்குப் பாரமே தெரியாது. கையைக் கிடைமட்டத்துக்கு உயர்த்த உயர்த்தத்தான் பாரம் ஏறும். 90-ல் பூஜ்யம், 60-ல் பாதி, 45-ல் ஏறக்குறைய 70 சதவீதம், கால் முழுதாக நீண்டதும் நூறு சதவீதம். அதாவது, சில்லின் தொடுபரப்பு மிகச் சுருங்கி நிற்கும் அதே இடத்தில் அதிகபட்சப் பாரம். பாதி வீச்சோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றாலும் அந்தப் பாதியில் தசைக்குப் போதுமான வேலை இல்லை. சில்லு வலி உள்ளவர் இந்தப் பலகையில் எடை ஏற்றாமல் இருப்பதே நல்லது. கணுக்காலில் மணல்பை கட்டிக்கொண்டு செய்வதும் இதே கணக்குத்தான். ஆனால் மணல்பை ஒன்றிரண்டு கிலோவோடு நின்றுவிடுவதால் பெரிதாகக் கெடுக்காது.

இன்னொரு விஷயம்: அடுக்கில் எழுதியிருக்கும் 40, 50 என்ற எண்ணை நம்பாதீர்கள். உருளையும் சக்கரமும் மாற மாற, ஒரு ஜிம்மின் 40 இன்னொரு ஜிம்மில் 25 போல இருக்கும். ஊர் மாறினால் எண்ணை மறந்துவிட்டு, மறுபடி கீழிருந்து ஏறுங்கள்.

அளவு. ஐந்து முதல் பத்து நிமிடம் சைக்கிள் மிதித்தோ நடந்தோ முட்டி சூடாகட்டும். முதல் இரண்டு வாரம் 2 செட், ஒவ்வொன்றிலும் 15 முறை. 15 முடியும்போது இன்னும் நாலைந்து செய்யலாம் என்ற தெம்பு மிச்சமிருக்கும் எடை. தூக்க இரண்டு எண்ணிக்கை, மேலே ஒரு நொடி நிறுத்தம், இறக்க மூன்று நாலு எண்ணிக்கை. செட்டுக்கு இடையே ஒன்றரை நிமிடம். வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி. மூன்றாம் வாரத்திலிருந்து 3 செட், 10 முதல் 15 முறை. அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளில் எல்லா செட்டிலும் 15-ஐத் தொட்டால் ஒரு தட்டு ஏற்றலாம். ஒரு தட்டு ஐந்து கிலோ என்றால் அது பெரிய தாவல். மேலே வைக்கும் இரண்டரைக் கிலோ குட்டி எடை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் முதலில் 18, 20 முறை வரை ஏறிவிட்டுத் தட்டை மாற்றுங்கள். ஒற்றைக் காலில் செய்யும்போது பலவீனமான காலை முதலில் வையுங்கள். அது பத்து செய்தால் பலமான காலும் பத்தோடு நிறுத்த வேண்டும்.

ஒரே ஒரு முறை எவ்வளவு தூக்க முடியும் என்று இந்த மெஷினில் சோதிக்காதீர்கள். ஸ்குவாட்டில் அந்தப் பாரத்தை இடுப்பு, முதுகு, கணுக்கால் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். இங்கே பங்காளி கிடையாது. எட்டு முறைகூடத் தூக்க முடியாத எடை இந்தப் பயிற்சிக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. தசை வளர்வதற்கு 10 முதல் 20 முறை தாராளம்.

கெட்டுப்போகும் விதங்களில் முதன்மையானது உதைப்பு. எடை அதிகமானால் காலை நீட்டாமல் உதைப்பார்கள். முதல் பாதியை வேகத்தில் கடந்து, கடைசியில் முட்டி 'டக்' என்று பூட்டிக்கொண்டு, பிறகு தட்டு 'தடால்' என்று விழும். அந்தச் சத்தம் கேட்டாலே எடை இரண்டு தட்டு அதிகம் என்று புரிந்துகொள்ளலாம். பின்னோக்கி வளையும் முட்டி உள்ளவர்கள் (பெண்களில் கொஞ்சம் அதிகம்) கடைசி ஐந்து டிகிரியை விட்டுவிட வேண்டும். அடுத்தது பிட்டம் சீட்டை விட்டு எழும்புவது. கைப்பிடியை இறுகப் பிடித்து உட்கார்ந்தும் எழும்பினால், எடை அதிகம் அல்லது பின்தொடை இறுகியிருக்கிறது. முதுகுச் சாய்வைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் சரியாகும். சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தால் ரெக்டஸ் ஃபெமோரிஸ் நீண்ட நிலையில் வேலை செய்வதால் அதற்குப் பயனும் கூடுதல்.

பாதத்தை உள்ளே திருப்பினால் வெளித்தொடை, வெளியே திருப்பினால் உள்தொடை என்று சொல்லிக் கொடுப்பார்கள். எடையோடு முட்டியைத் திருகுவதற்குக் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம். கட்டைவிரல் கூரையைப் பார்க்கட்டும், அது போதும். கடைசிப் பதினைந்து டிகிரியில்தான் உள்பக்கத் தசை வேலை செய்யும் என்பதும் பழைய கதை. நாலு தசையும் எல்லாக் கோணத்திலும் சேர்ந்தே இழுக்கின்றன. அதனால் சில்லு வலி உள்ளவர், "உள்தசை வளரணும்" என்று வலிக்கிற கடைசிப் பகுதியையே போட்டு வாட்ட வேண்டிய அவசியம் இல்லை.

முட்டியில் 'கொரகொர' சத்தம் வருகிறதே என்று பயப்படுபவர்கள் நிறைய. வலியோ வீக்கமோ இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள். ஜன்னல் கதவுகூடத்தான் சத்தம் போடுகிறது.

வலிக்கு ஓர் அளவுகோல் வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை வைத்தால், செய்யும்போது மூன்று வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மறுநாள் அதே நேரத்துக்குள் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் முட்டி விறைத்திருந்தாலோ, சில்லின் இருபக்கக் குழிவும் நிரம்பித் தெரிந்தாலோ அடுத்த முறை எடையைப் பாதியாக்குங்கள். தொடை வலி வேறு, முட்டி வலி வேறு. தொடை இரண்டு நாள் வலிக்கட்டும், அது கூலி.

வலி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சில்லைச் சுற்றி, அல்லது அதற்குப் பின்னால், படி இறங்கும்போதும் பஸ்ஸில் வெகுநேரம் மடக்கி உட்கார்ந்து எழும்போதும் வருகிற வலிக்கு மேலே சொன்ன 90–45 கணக்கு. சில்லுக்கு நேர் கீழே, விரல் நுனியால் தொட்டுக்காட்டும்படி ஒரே இடத்தில் வருகிற வலி, அதுவும் வாலிபால், கபடி ஆடுகிற பையன்களுக்கு, தசைநார் வலி. அதற்கு இந்த மெஷின் எதிரி அல்ல, மருந்து. முட்டியை 60 டிகிரியில் வைத்து, அசையாமல் 45 நொடி பிடித்து நிறுத்துவது. ஐந்து முறை, இடையே இரண்டு நிமிடம் ஓய்வு. உங்கள் முழு பலத்தில் எழுபது சதவீதம் அளவுக்கு அழுத்தம். பலருக்கு வலி அப்போதே கொஞ்சம் அடங்கும். சில வாரம் கழித்து மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கும் பளுவான செட்டுகளுக்கு மாறலாம், வாரம் மூன்று நாள். பன்னிரண்டு வாரமாவது பிடிக்கும். தசைநார் அவசரத்துக்கு வளையாது. பதின்மூன்று பதினாலு வயதுப் பையனுக்கு அதற்கும் கீழே, எலும்பில் மேடு தட்டி வலித்தால் அது வளரும் வயதின் தொல்லை. ஓட்டத்தையும் குதிப்பையும் குறைக்க வேண்டும், எடைக்கு அவசரமில்லை.

ஏ.சி.எல் விஷயத்தில் பயம் நியாயமானது, ஆனால் பாதிதான். முன்தொடை இழுக்கும்போது, குறிப்பாகக் கடைசி 30 டிகிரியில், கீழ்க்கால் எலும்பு சற்று முன்னே வரப் பார்க்கும்; அதைத் தடுப்பது ஏ.சி.எல். நல்ல தசைநாருக்கு இது சுமையே அல்ல, ஸ்குவாட்டில் வரும் இழுவிசைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அறுவை செய்து புதுத் தசைநார் வைத்தவருக்குத்தான் காலக்கணக்கு. பொதுவாக நாலாவது வாரத்துக்குப் பின் 90-லிருந்து 45 வரை தொடங்கி, வாரத்துக்குச் சில டிகிரியாக நீட்டுவார்கள். பின்தொடையிலிருந்து தசைநார் எடுத்து வைத்திருந்தால், எடை சேர்ப்பதை இன்னும் தள்ளி, 12 வாரம் வரைக்கும்கூட வெறும் காலோடு செய்யச் சொல்வார்கள். எந்த வகை என்று உங்கள் அறுவைச் சீட்டில் இருக்கும். பிசியோவிடம் அதைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். பயந்து முற்றாக விட்டவர்கள் ஒரு வருடம் கழித்தும் தொடை இளைத்தே இருப்பார்கள். அடிபட்ட காலின் முன்தொடை பலம் மற்றதில் தொண்ணூறு சதவீதத்தையாவது தொடாமல் மைதானத்துக்குத் திரும்புவது அடுத்த கிழிசலுக்கு அழைப்பு.

சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்த வாரத்திலும் பொங்கல் கபடிக்குப் பிறகும் "லேசாத் திரும்பிருச்சு" என்று நொண்டி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. திரும்பிய நொடியில் 'டப்' என்று கேட்டதா? சில மணி நேரத்துக்குள் முட்டி பந்தாக வீங்கியதா? நடக்கும்போது கால் நழுவுகிறதா? அப்படியென்றால் ஜிம் அல்ல, எலும்பு மருத்துவர். முட்டி ஒரு கோணத்தில் பூட்டிக்கொண்டு நீளவே மறுத்தால் ஜவ்வு கிழிந்து இடையில் சிக்கியிருக்கலாம். உதைத்து நீட்டக் கூடாது. முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

தேய்மானம் என்று எக்ஸ்ரேயில் எழுதிக் கொடுத்தவர்களுக்கு இந்தப் பயிற்சி ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. உண்மை நேரெதிர். தேய்ந்த மூட்டுக்கு முன்தொடைதான் ஊன்றுகோல். செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பையே பாருங்கள். தெருவிலிருந்து முகப்புக்கு ஏறப் படி, முகப்பிலிருந்து வளவுக்கு (உள்முற்றப் பகுதிக்கு) உயர்ந்த நிலைப்படி, முற்றத்தில் இறங்கி ஏற ஒரு கல், மாடிக்குச் செங்குத்தான மரப்படி. ஆச்சிமார் தரையில் உட்கார்ந்து பந்தியில் சாப்பிட்டுவிட்டுத் தூணைப் பிடித்து எழுவதற்கு முட்டியைவிடத் தொடையில்தான் பஞ்சம். அவர்களை மெஷினுக்கு இழுத்து வர வேண்டாம். திண்ணையிலேயே செய்யலாம்.

முதல் இரண்டு வாரம்: கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்துங்கள். தொடை இறுகி சில்லு மேலே ஏறுவது தெரியும். பத்து எண்ணிப் பிடித்து விடுங்கள். ஒரு காலுக்குப் பத்து, காலை ஒன்று மாலை ஒன்று. மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வாய்விட்டு எண்ணுவது நல்லது. பிறகு பாதம் தொங்கும்படி திண்ணை விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குவது. எடை இல்லாமல் 15 முறை, 2 செட் சுலபமானதும் கணுக்காலில் அரைக் கிலோ. உப்புப் பொட்டலத்தைத் துணிப்பையில் போட்டுக் கட்டினால் போதும். ஒரு கிலோ, ஒன்றரை என்று மாதக் கணக்கில் ஏற்றுங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் போவதைவிட, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சிக்கு மாறுவது மேல். சாய்வு நாற்காலி வேண்டாம், நேர் நாற்காலி. உயரம் போதாமல் சிரமப்பட்டால் சீட்டில் ஒரு தலையணை போட்டு உயர்த்துங்கள், பிறகு அதை எடுத்துவிடுங்கள்.

மூட்டு மாற்று அறுவை செய்தவர்களும் இதே வரிசையில்தான் போவார்கள். எந்த வாரம் எது என்பதை அறுவை செய்தவர் சொல்ல வேண்டும்.

மார்கழி பிறந்ததும் ஜிம்மில் வேறொரு கூட்டம் வரும். தைப்பூசத்துக்குப் பழநி நடைக்குத் தயாராகிறவர்கள். குன்றக்குடியில் கிளம்பி நாள்கணக்கில் நடக்கப் போகிறோம், காலைப் பலப்படுத்தணும் என்று முழு எடை போட்டு உதைக்கத் தொடங்குவார்கள். மூன்று வாரத்தில் கிடைப்பது பலம் அல்ல, வீக்கம். ஐப்பசிக் கடைசியிலேயே ஆரம்பித்தால் ஏறக்குறைய பத்து வாரம் கிடைக்கும். லெக் எக்ஸ்டென்ஷன் வாரம் இரண்டு நாள், அதோடு பின்தொடைக்கு எடையோடு முட்டியை மடக்கும் லெக் கர்ல், பிட்டத்துக்கு ஒரு பயிற்சி, கெண்டைச் சதைக்குக் குதிகால் உயர்த்தல். இவற்றைவிட முக்கியம் படி இறங்கும் பயிற்சி. நெடுநடையில் முட்டியைத் தின்பது ஏற்றம் அல்ல, இறக்கம். இறங்கும்போது முன்தொடை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. பதினைந்து சென்டிமீட்டர் உயரப் படியில் ஒரு காலில் நின்று, மற்றக் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று எண்ணி இறங்கி, மறுபடி ஏறுங்கள். முட்டி உள்பக்கம் சாயாமல் இரண்டாவது விரலுக்கு நேராக நிற்கட்டும். ஒரு காலுக்கு 8-ல் தொடங்கி 15 வரை, 3 செட். இது பழகிய பின் குன்றக்குடி மலைப்படியில் ஏறி இறங்கிப் பாருங்கள்; இறங்கும்போது தொடை நடுங்கினால் இன்னும் இரண்டு வாரம் தேவை.

நடைக்கு முந்தின பத்து நாளில் மெஷினில் எடையைப் பாதியாக்கி, கடைசி நாலு நாள் தொடாமல் விடுங்கள். திரும்பி வந்ததும் பாதக் கொப்புளம் ஆறி, முட்டியின் இருபக்கக் குழிவும் பழையபடி தெரிகிற வரைக்கும் காத்திருங்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து அல்ல, விட்ட எடையில் பாதியிலிருந்து, ரேஞ்ச் பின்னை 90-ல் செருகிவிட்டு உட்காருங்கள்.